யோசிக்கிறதுக்கும் ஒரு சத்தம் வேணும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தரும் ஆசிரியை ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக, அவர் பேசியபடியே இங்கே தருகிறோம். குழுக்கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



ஊக்குநர்கள், பிரதிநிதிகள், உறுப்பினர்கள் என்று இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சாயங்காலம் பால் கறக்கப் போகணும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வரும். அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இன்றைக்கு நாம் பேசப்போவது இலக்கணம் இல்லை. கஷ்டமான வார்த்தைகளும் இல்லை. இங்கிலீஷில் பேசும்போது வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் வருகிற சின்னச் சின்னச் சத்தங்களைப் பற்றித்தான். "அம்...", "அ...", "ம்ஹ்ம்", "வெல்", "ஓ", "ஐ ஸீ". இதுக்கெல்லாமா ஒரு வகுப்பு என்று சிலர் சிரிக்கிறீங்க. பரவாயில்லை, சிரிங்க. ஆனா இந்தச் சத்தங்கள் தெரியாமல் போனால் கைக்காசு போகும் என்பதையும் கொஞ்ச நேரத்தில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

பயிற்சிக்கு வந்த பல பேருக்கு இப்போது வாக்கியம் தெரியும். "வாட் இஸ் தி ப்ரைஸ்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொன்னால் சரளமாக வருகிறது. ஆனால் கண்காட்சியில் ஸ்டால் போட்டிருக்கும்போது, வெளி மாநிலத்துக்காரர் ஒருவர் வந்து கேட்டால் வாய் கட்டிக்கொள்கிறது.

ஏன்? அவர் கேட்டதைப் புரிந்துகொள்ள ஒரு விநாடி. மனசுக்குள் தமிழில் கணக்குப் போட ஒரு விநாடி. அதை இங்கிலீஷுக்கு மாற்ற ஒரு விநாடி. சரியா தப்பா என்று பயப்பட இன்னொரு விநாடி. ஆக நாலு விநாடி ஆயிடுச்சு. அந்த நாலு விநாடியும் நாம சும்மா நிற்கிறோம். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார்? "இந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல" என்று நினைக்கிறார். பக்கத்தில் இருக்கிற வேறு ஆளைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிடுகிறார். கூடையைப் பின்னியது நீங்க, விலை பேசுவது வேற யாரோ!

உங்களுக்குப் பதில் தெரியாமல் இல்லை. யோசிக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். "நான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் பொறுங்க" என்று தெரியப்படுத்துவதற்கு ஒரு சத்தம் வேணும். அதுதான் "அம்..." என்கிற சத்தம்.

தமிழில் நாம் செய்யாததா?

குழுக்கூட்டத்தில் இருப்பு எவ்வளவு என்று கேட்டால் பிரதிநிதி எப்படிச் சொல்வாங்க? "வந்து... போன மாசம்... ம்... நாலாயிரத்து இருநூறுங்க" என்பாங்க. அந்த "வந்து"வில் யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை. அந்த வார்த்தைக்கு அங்கே அர்த்தமே கிடையாது. ஆனாலும் அது சும்மா வரவில்லை. பேரேட்டில் கண் ஓடுகிற நேரத்தை அது தாங்கிப் பிடிக்கிறது. "அதாவது", "என்னன்னா", "இப்பப் பாத்தீங்கன்னா", பெயர் மறந்துபோனால் "அந்த... இவங்க..." என்பதெல்லாம் இதே ஜாதிதான்.

பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமில்லையா? துண்டு உட்காரப் போவதில்லை. ஆனால் "இந்த இடத்துக்கு ஆள் வருது" என்று அது சொல்லிவிடுகிறது. "வந்து..." என்பதும் "அம்..." என்பதும் பேச்சில் போடுகிற துண்டு.

இன்னொன்றும் நமக்குப் பழக்கம். பாட்டி கதை சொல்லும்போது பேரப்பிள்ளை "உம்" கொட்டணும். உம் கொட்டுவது நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிட்டு, "தூங்கிட்டியாடா?" என்று கேட்பாங்க. கேட்கிறவருக்கும் ஒரு வேலை உண்டு என்பதை நம்ம பாட்டிமார்கள் என்றைக்கோ தெரிஞ்சு வச்சிருந்தாங்க. 1970-ல் அமெரிக்காவில் விக்டர் இங்வே என்கிற மொழி ஆராய்ச்சியாளர் இதற்கென்று தனியாக ஒரு பெயர் வைத்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் பின்னணியில் கொடுத்துக்கொண்டே இருக்கிற பதில் ஓடை என்பது போன்ற பெயர். நாம் அதை உம் கொட்டுதல் என்கிறோம். இங்கிலீஷ்காரர்களும் உம் கொட்டுகிறார்கள். அவர்களுடைய உம், "ம்ஹ்ம்", "ஐ ஸீ", "ரைட்", "ரியலி?" என்று பல விதமாக இருக்கும்.

இங்கிலீஷ்காரர்கள் தடுமாறுவதே இல்லையா?

நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர் என்றால் நிற்காமல் கொட்டுவார் என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. சினிமாவும் டிவி செய்தியும் பார்த்து வந்த எண்ணம் அது. செய்தி வாசிப்பவர் எழுதியதைப் பார்த்து வாசிக்கிறார். நடிகர் மனப்பாடம் செய்ததைச் சொல்கிறார். சந்தையில், ஆபீஸில், வீட்டில் பேசுகிற இங்கிலீஷ்காரர் நம்மைப் போலத்தான். நிற்பார், இழுப்பார், திருத்துவார்.

2002-ல் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்கிற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஆங்கிலேயர்கள் இயல்பாகப் பேசிய பேச்சுகளைப் பதிவு செய்து வைத்திருந்த பெரிய தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதில் பார்த்தது இது: "அ..." என்று வந்தால் பின்னால் வருகிற இடைவெளி சின்னதாக இருக்கிறது. "அம்..." என்று வாயை மூடினால் இடைவெளி கொஞ்சம் பெரிசாக இருக்கிறது. பேசுகிறவர் தனக்கே தெரியாமல், "கொஞ்சம் பொறுங்க", "கொஞ்சம் அதிகமாவே பொறுங்க" என்று இரண்டு விதமாகச் சொல்கிறார். ஆகவே இவை குப்பைச் சத்தம் இல்லை, இவையும் ஒரு வகை வார்த்தைதான் என்பது அவர்கள் கட்சி.

இன்னொரு ஆராய்ச்சி 2009-ல் வந்தது. பத்து மொழிகளில், ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததும் மற்றவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று அளந்தார்கள். மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும், சராசரி சுமார் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான்! கண் சிமிட்டுகிற நேரம். ஆமாம் என்கிற பதிலைவிட இல்லை என்கிற பதில் தாமதமாக வருவதும் தெரிந்தது. அதனால்தான் நாம் பேசாமல் நின்றால், எதிரில் இருப்பவர் "இவங்களுக்கு இஷ்டமில்லை போல" என்றோ "புரியவில்லை போல" என்றோ முடிவு கட்டிவிடுகிறார்.

"அம்... அம்..." என்று இழுத்தால் அறிவு குறைவு என்று நினைப்பார்களோ என்று ஒரு பயம் வரும். அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 1991-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி, நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. பேராசிரியர்கள் பாடம் நடத்தும்போது எத்தனை முறை "அம்" சொல்கிறார்கள் என்று எண்ணினார்கள். விஞ்ஞானப் பாடம் நடத்துபவர்கள் குறைவாகவும், இலக்கியம், கலை நடத்துபவர்கள் அதிகமாகவும் சொன்னார்கள். காரணம் என்ன? விஞ்ஞானத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வழி கொஞ்சம்தான். இலக்கியத்தில் ஒன்றைப் பத்து விதமாகச் சொல்லலாம், எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆக, இழுப்பதற்குக் காரணம் வார்த்தை தேடுவதுதான். பேராசிரியருக்கே அப்படி என்றால் நமக்கு என்ன வெட்கம்?

எழுத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

பிள்ளைகளின் இங்கிலீஷ் கதைப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு குழப்பம் வரும். அமெரிக்கப் புத்தகத்தில் "அ", "அம்" என்று வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கும். லண்டனில் அச்சான புத்தகத்தில் அதையே "எர்", "எர்ம்" என்று வாசிக்கிற மாதிரி ர் எழுத்தைப் போட்டு எழுதியிருக்கும். இங்கிலாந்தில் பல பேர் வார்த்தைக் கடைசியில் வருகிற ர் எழுத்தை உச்சரிக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் வாயில் அது "அ...", "அம்..." என்றுதான் வரும். எழுத்துதான் வேறு, சத்தம் ஏறக்குறைய ஒன்றேதான். நாம் அதை "எர்ர்" என்று அழுத்திச் சொன்னால்தான் வேடிக்கையாக இருக்கும்.

பழகிக்கொள்ள வேண்டிய ஐந்து வகை

முதல் வகை, நேரம் வாங்குகிற சத்தம். "அம்...", "வெல்...", "லெட் மீ ஸீ", "லெட் மீ திங்க்", "ஜஸ்ட் எ மினிட்". "லெட் மீ ஸீ" என்றால் பார்க்கிறேன் என்று அர்த்தம். எதையும் பார்க்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டால் போதும். "ஹவ் மச் ஃபார் ட்வென்டி பீஸஸ்?" என்று கேட்டால், "ட்வென்டி... லெட் மீ ஸீ... அம்... ட்வெல்வ் ஹண்ட்ரட் ருபீஸ்" என்று சொல்லுங்கள். கேட்டவர் சொன்ன வார்த்தையில் ஒன்றை நாமும் திருப்பிச் சொன்னோம் பாருங்க, "ட்வென்டி" என்று? அதுவும் ஒரு நல்ல வழி. காதில் சரியாக விழுந்ததா என்பதும் தெரிந்துவிடும், நேரமும் கிடைக்கும்.

இரண்டாம் வகை, திருத்துகிற வார்த்தை. "ஐ மீன்" என்பது "அதாவது" மாதிரி. "ஃபிஃப்டீன்... சாரி, ஐ மீன், ஃபிஃப்டி." பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இங்கிலீஷில் சத்தம் கிட்டக் கிட்ட இருக்கும். வாய் தவறினால் தலையில் கை வைத்துக்கொண்டு நிறுத்த வேண்டாம். "ஐ மீன்" போட்டுத் திருத்திவிட்டு மேலே போங்க.

மூன்றாம் வகை, உம் கொட்டுவது. "ம்ஹ்ம்", "ஐ ஸீ", "ரைட்". நேரில் பேசும்போது தலையாட்டினால் போதும். ஆனால் நாம் தலையை இரண்டு பக்கமும் சாய்ப்பது வெளிநாட்டுக்காரருக்கு ஆமாமா, இல்லையா என்று புரியாது. போனில் தலை தெரியவே தெரியாது. சத்தம் கொடுக்கவில்லை என்றால் லைன் கட்டாயிடுச்சோ என்று "ஹலோ, ஹலோ" என்பார்கள்.

நான்காம் வகை, திரும்பக் கேட்பது. நாம் "ஆங்?" என்போம். இங்கிலீஷில் "ஹ?" என்பார்கள். நெதர்லாந்து நாட்டில் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள் உலகத்தின் பல மூலைகளில் உள்ள மொழிகளை ஒப்பிட்டு, காதில் விழாதபோது கேட்கிற இந்தச் சத்தம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது என்று 2013-ல் எழுதினார்கள். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு 2015-ல் இதற்குக் கிடைத்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. "ஹ?" என்பது சிநேகிதர்களுக்குள் சரி. அதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ மரியாதைக் குறைவு. அங்கே "சாரி?" அல்லது "பார்டன்?" என்று கடைசியில் குரலை உயர்த்திக் கேளுங்கள். இந்த "சாரி"க்கு மன்னிப்பு கேட்பதாக அர்த்தம் இல்லை, "என்னங்க, சரியா கேக்கல" என்பதுதான் அர்த்தம்.

ஐந்தாம் வகை, மனசில் பட்டதைச் சொல்கிற சத்தம். புது விஷயம் கேட்டால் "ஓ!". கை தவறிப் பொருள் விழுந்தால் "ஊப்ஸ்". அடிபட்டால் நாம் "ஆ, அம்மா" என்கிற இடத்தில் "அவுச்". ஆச்சரியப்பட்டால் "வாவ்". வேலை முடிந்து மூச்சு விட்டால் "ஃப்யூ". துக்கமான செய்தி சொன்னால் "ஓ... ஐ ஆம் சாரி". இங்கேயும் "சாரி" மன்னிப்பு இல்லை. நம்ம "அடடா", "ஐயோ பாவம்" அதற்குள் இருக்கிறது.

கைக்காசு போகிற இடம்

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு குழு துணிப்பை தைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணி, நூல், தையல் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு 64 ரூபாய் அடக்கம். வெளியூர் வியாபாரி ஒருவர் போனில் இங்கிலீஷில் பேசுகிறார். "ஃபைவ் ஹண்ட்ரட் பேக்ஸ்." இந்தப் பக்கம் "யெஸ், யெஸ்." "சிக்ஸ்டி ருபீஸ் ஈச்." "யெஸ், ஓகே." "டெலிவரி பை ஃப்ரைடே." "ஓகே, ஓகே."

பேசிய சகோதரி என்ன செய்தாங்க? கேட்டுக்கிட்டு இருக்கேன் என்று உம் கொட்டினாங்க. வியாபாரி நோட்டில் என்ன எழுதினார்? ஐந்நூறு பை, அறுபது ரூபாய், வெள்ளிக்கிழமை, சம்மதம். ஒரு பைக்கு 4 ரூபாய் நஷ்டம், ஐந்நூறு பைக்கு 2,000 ரூபாய். உம் கொட்டியதற்கு 2,000 ரூபாய்! முடியாது என்று பிறகு சொன்னால், "ஒத்துக்கிட்டு மாத்திப் பேசுறாங்க" என்று குழுவுக்குக் கெட்ட பெயர்.

தமிழில் பேசும்போது "சரி, சரி" என்பதைச் சொல்லும் தொனியில், அது உம்மா, சம்மதமா என்று பிரித்துவிடுவோம். இங்கிலீஷில் பேரம் பேசுகிற இடத்தில் "யெஸ்" என்றாலும் "ஓகே" என்றாலும் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே விலை, தேதி, கையெழுத்து இந்த மூன்று பேச்சு வந்தால் உம் கொட்ட "ஐ ஸீ" அல்லது "ஐ அண்டர்ஸ்டாண்ட்" மட்டும் சொல்லுங்கள். நீங்க சொல்றது புரியுது என்றுதான் அர்த்தம், ஒத்துக்கிறேன் என்று அர்த்தம் இல்லை. "ம்ஹ்ம்" கூட அந்த இடத்தில் வேண்டாம்.

இப்போது அதே பேச்சை மாற்றிப் பேசிப் பார்ப்போம்.

"சிக்ஸ்டி ருபீஸ் ஈச்."
"சிக்ஸ்டி... ஐ ஸீ. அம்... வெல், அவர் காஸ்ட் இஸ் சிக்ஸ்டி ஃபோர்."
"ஓகே, சிக்ஸ்டி ஃபைவ்?"
"லெட் மீ ஆஸ்க் மை க்ரூப். ஐ வில் டெல் யூ டுமாரோ."

இதில் நமக்குத் தெரியாத வார்த்தை எதாவது இருக்கா? இல்லை. "வெல்" என்கிற ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். இங்கிலீஷ்காரர் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்ல மாட்டார். "வெல்..." என்று ஆரம்பித்தாலே அடுத்து வருவது முழுச் சம்மதம் இல்லை என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். அதே மாதிரி எதிரில் இருப்பவர் "வெல்..." என்று இழுத்தால் நீங்களும் புரிந்துகொள்ளுங்கள்: பணம் தருவதாகவோ சரக்கு எடுப்பதாகவோ அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

பேங்கிலும் இதே கதைதான். மேனேஜர் வெளி மாநிலத்துக்காரராக இருக்கலாம். கடன் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "ஐ வில் ஆட் ஒன் இன்சூரன்ஸ் ஆல்சோ, ஓகே?" என்று கேட்டால், பழக்கத்தில் "ஓகே சார்" வந்துவிடும். அங்கே நிறுத்துங்க. "சாரி சார், ஒன் மினிட். இன்சூரன்ஸ்... அம்... இஸ் இட் கம்பல்சரி? ஹவ் மச்?" இரண்டு கேள்வி போதும். கேட்பது நம்ம உரிமை.

ஒரே மாதிரி கேட்கும் இரண்டு

அமெரிக்கக்காரர் "அஹ" என்பார், நடுவில் மூச்சுக் காற்று வரும், கடைசியில் குரல் ஏறும். அது ஆமாம். "அ-அ" என்று நடுவில் தொண்டையை வெட்டி, குரலை இறக்கினால் அது இல்லை. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அர்த்தம் நேர் எதிர். சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல், "யெஸ் ஆர் நோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள்.

அளவு முக்கியம்

இதையெல்லாம் சொன்னதும், நாளையிலிருந்து வாக்கியத்துக்கு நாலு "அம்" போட ஆரம்பித்துவிடாதீங்க. குழம்புக்கு உப்பு மாதிரிதான். "ஆக்சுவலி", "பேசிக்கலி", "யூ நோ", "லைக்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற ஆட்களை டிவியில் பார்க்கிறோம். அது யோசிக்கிற சத்தம் இல்லை, வாய்ப்பழக்கம். கேட்கிறவருக்கு எரிச்சல் வரும்.

மேடை வேறு, பேச்சு வேறு. மேடைப் பேச்சுக்குப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்கிற அமைப்பு 1924-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கியது. அவர்கள் கூட்டங்களில் பேசுகிறவர் எத்தனை "ஆ", "அம்" சொன்னார் என்று எண்ணுவதற்கே ஒரு ஆளைப் போட்டிருப்பார்கள். மேடையில் நம்மை யாரும் குறுக்கிடப் போவதில்லை, துண்டு போட்டு இடம் பிடிக்கத் தேவையில்லை. அங்கே சும்மா ஒரு விநாடி நின்று பேசுவதுதான் கம்பீரம். இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போதுதான் இந்தச் சத்தத்துக்கு வேலை.

மெஷினுக்கே தேவைப்பட்டது

2018 மே மாதம் கூகுள் கம்பெனி கலிபோர்னியாவில் ஒரு கூட்டத்தில் புது ஏற்பாடு ஒன்றைக் காட்டியது. கம்ப்யூட்டர் தானே ஒரு முடிவெட்டும் கடைக்குப் போன் செய்து நேரம் கேட்டு வாங்கியது. கடைக்காரப் பெண் "ஒரு நிமிஷம் இருங்க" என்றதும், கம்ப்யூட்டர் "ம்ஹ்ம்" என்று உம் கொட்டியது. கூட்டத்தில் ஒரே சிரிப்பு. ஆள்தான் பேசுகிறார் என்று தோன்றும்படியான இங்கிலீஷாக இருக்க, மெஷினுக்கும் "அம்", "ம்ஹ்ம்" சொல்லித்தர வேண்டியிருந்தது. ஆள் போலப் பேசிவிட்டு மெஷின் என்று சொல்லாமல் இருக்கலாமா என்று அப்போது பலர் கண்டனம் செய்தார்கள். மெஷின் என்று தெரிவிக்க ஏற்பாடு செய்வோம் என்று கம்பெனியும் பிறகு சொன்னது. நமக்கு அதில் பாடம், அளவோடு வருகிற இந்தச் சத்தங்கள் தப்பான இங்கிலீஷ் இல்லை, இயல்பான இங்கிலீஷ் என்பதுதான்.

குழுவில் செய்ய மூன்று பயிற்சி

சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

ஒன்று: இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் காலையிலிருந்து என்ன செய்தார் என்று சொல்லட்டும், தமிழில் சொன்னாலும் சரி. மற்றவர் "ஐ ஸீ", "ரியலி?", "ஓ!", "ரைட்" இந்த நாலை மட்டும் வைத்து உம் கொட்டணும். எந்த இடத்தில் எது பொருந்துகிறது என்று காது பழகிவிடும்.

இரண்டு: ஒருவர் வியாபாரி, ஒருவர் குழு உறுப்பினர். விலை பேசுங்கள். "யெஸ்", "ஓகே" சொன்னால் தோற்றதாக அர்த்தம். "ஐ அண்டர்ஸ்டாண்ட்", "வெல்", "லெட் மீ ஆஸ்க் மை க்ரூப்" மட்டும்தான் சொல்லலாம்.

மூன்று: முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து போனில் பேசுகிற மாதிரி பேசுங்கள். முகம் தெரியாமல் பேசும்போதுதான் சத்தத்தின் அருமை தெரியும்.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

கேள்வி: யோசிக்கும்போது எனக்குத் தமிழில் "வந்து" என்றுதான் வருகிறது. இங்கிலீஷ் பேச்சில் அது வந்தால் பரவாயில்லையா?

பதில்: குடி முழுகிவிடாது அக்கா. ஆனால் கேட்கிறவர் அதை ஏதோ ஒரு வார்த்தை என்று நினைத்து அர்த்தம் தேடுவார். "அம்..." என்றால் அவருக்கு உடனே புரியும். "வந்து" வாயில் வரும்போது உதட்டை மூடிக்கொள்ளுங்கள், தானாகவே "ம்..." என்று ஆகிவிடும்.

கேள்வி: என் பொண்ணு நர்சிங் வேலைக்கு இன்டர்வியூ போறா. அங்கே இதெல்லாம் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், அளவோடு. கேள்வி கேட்டதும் பயந்து மௌனமாக இருப்பதைவிட, "லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்" என்று சொல்லிவிட்டு யோசிப்பது நல்லது. புரியவில்லை என்றால் "சாரி, குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?" என்று கேட்கட்டும். நர்ஸ் வேலையில் டாக்டர் சொன்னது சரியாகக் காதில் விழாமல் "யெஸ் டாக்டர்" என்று சொல்வதுதான் ஆபத்து. மருந்து அளவு மாறிவிடும். திரும்பக் கேட்கத் தெரிந்த பெண்ணை வேலைக்கு எடுப்பவர்களுக்கும் பிடிக்கும்.

கேள்வி: எனக்கு எழுதப் படிக்கவே கொஞ்சம்தான் தெரியும். நானும் பழகலாமா?

பதில்: இன்றைக்குப் பேசிய எதற்கும் எழுத்து வேண்டாம், தங்கச்சி. எல்லாம் காதும் வாயும்தான். சொல்லப்போனால் புத்தகம் பார்த்துப் படித்தவர்களைவிட, காதால் கேட்டுப் பழகுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். நாளைக்கே போனில் கஸ்டமர் கேர் பேசினால், அவர்கள் எங்கே "அம்" சொல்கிறார்கள், எங்கே "ரைட்" சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும், பேரம் பேசிய ஒரு பேச்சை இரண்டு பேராக நடித்துக் காட்ட வேண்டும். தப்பு வந்தால் "ஐ மீன்" இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். இனிமேல் உங்க பொருளுக்கு விலை கேட்டு யார் வந்தாலும், பக்கத்து ஆளைக் கூப்பிட விடாதீங்க. "லெட் மீ ஸீ" என்று சொல்லிவிட்டு, நிதானமாகக் கணக்குப் போட்டு, உங்க வாயாலேயே உங்க விலையைச் சொல்லுங்கள்.